மண்டியில் கேட்காமல் போன குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு காலை நேரம். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியின் நடுவில் நின்றுகொண்டு, அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரையும் நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். 'வாய் பேசத் தெரியாத பெண்' என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தப் பொய் சந்தி சிரித்துவிட்டது.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மண்டியில் ஏலம் கூவுவதுதான் அவருக்கு வேலை. வேலையாக இருந்தது என்று சொல்வதே சரி. ஆனால் எனக்கு இன்னும் அப்படிச் சொல்ல நாக்கு வருவதில்லை.

விடிகிற நேரத்தில் டெம்போவிலும் டிராக்டரிலும் தக்காளி வந்து இறங்கும். அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் நின்று அவர் ஆரம்பித்தால் விலை ஏறிக்கொண்டே போகும். பெங்களூர்க்காரரைப் பார்த்தால் கன்னடம், ஆந்திராக்காரரைப் பார்த்தால் தெலுங்கு, நம்மூர் வியாபாரி என்றால் தமிழில் நக்கல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நிற்பவர்கள்கூட அன்றைய விலையை அங்கிருந்தே தெரிந்துகொள்வார்கள். மைக் வைக்கலாமா என்று மண்டிக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, "நான் செத்த பொறவு வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டிலும் அதே சத்தம்தான். குழம்பில் உப்பு குறைந்தால் அடுத்த தெருவுக்கும் தெரிந்துவிடும். கொஞ்சம் மெதுவாகப் பேசினால் என்ன என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த மண்டியில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் முதல் பெட்டியை இறக்குகிற விவசாயி, ஏலம் தொடங்கும் முன்பு கூவுகிறவருக்கு ஒரு பீடி கொடுப்பார். போணி பீடி என்பார்கள். அதைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் முதல் விலையைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அந்த விவசாயியின் முகம் சுண்டிப்போகும். இன்றைக்கு விலை படுத்துவிடுமோ என்று அவருக்கு மனசுக்குள் உறுத்தும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கு பீடிப் பழக்கமே கிடையாது. போணிக்காக ஆரம்பித்ததுதான். அப்புறம் நல்ல விலை கிடைத்தவர் சந்தோஷத்தில் ஒன்று கொடுத்தார், கிடைக்காதவர் வருத்தத்தில் ஒன்று கொடுத்தார். பிறகு யாரும் கொடுக்காமலே கட்டுக் கட்டாக வாங்க ஆரம்பித்தார். நான் சண்டை போட்டால், "மரியாதைக்குக் குடுக்கறாங்க புள்ள, வேணான்னு எப்படி சொல்றது?" என்பார். அவர்கள் மரியாதைக்காகத்தான் கொடுத்தார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு தக்காளி சீசனில் அவருக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஏலம் கூவுறவனுக்குத் தொண்ட கட்டாம ஊமைக்கா கட்டும்?" என்று அவரே சிரித்தார். நான் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தேன். மண்டிக்காரர் தன் செலவில் அதிமதுரம் வாங்கிவந்து கொடுத்தார். விவசாயிகளில் சிலருக்கு அந்தக் கரகரப்பு பிடித்துக்கூடப் போனது. "கட்டக் கொரல்ல கூவுனா வெல கெட்டியா நிக்குதுண்ணா" என்று சொல்லி, அதற்கும் ஒரு பீடி கொடுத்தார்கள். சீசன் முடிந்து தொண்டைக்கு ஓய்வு கிடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். சீசன் முடிந்து மாங்காய் சீசனும் வந்துவிட்டது. குரல் மட்டும் திரும்பவில்லை.

அவர் வேறு வேலை பார்க்கிறவராக இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்போம். தொண்டையை வைத்துப் பிழைத்தவர் என்பதாலேயே அவர் தொண்டையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

சோறு விழுங்கும்போது வலிக்கிறது என்றார். ஒரு நாள் எச்சிலில் ரத்தம் வந்தது. அலறியடித்துக்கொண்டு தர்மபுரிக்கு ஓடினோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகளை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் இப்படி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்குமே பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல போனாலே காட்டிடணும்மா. முன்னாடியே வந்திருந்தா கதிர் சிகிச்சைன்னு கரண்ட் வெச்சு கொரலக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப கொரல்வளையவே எடுத்தாகணும்" என்றார் டாக்டரம்மா. உயிர் வேண்டும் என்றால் குரலை விட வேண்டும், அவ்வளவுதான்.

மூச்சு இனி மூக்கு வழியாக வராது, கழுத்துக்குக் கீழே ஒரு ஓட்டை வைப்பார்கள், அது வழியாகத்தான் வரும் என்றும் படம் போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "கொரலு போயிட்டா அப்பறம் நான் யாரு புள்ள?" என்றார். அந்தக் கரகரத்த குரலில்தான் கேட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "எங்கப்பா கொரலப் பாத்தா என்னைக் கட்டிக் குடுத்தாரு? ஆளப் பாத்துத்தான குடுத்தாரு! எனக்கு ஆளு இருந்தாப் போதும். நீங்க கத்தாம இருந்தா அக்கம்பக்கத்துல நிம்மதியாத் தூங்குவாங்க" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் சம்மதம் கிடைத்தது.

ஆபரேஷன் அன்று மகள் போனை அவர் வாய்க்கு நேராக நீட்டி, "ஏதாச்சும் பேசுப்பா, பதிவு பண்ணி வெச்சிக்கறேன்" என்றாள். ஊரையே கூட்டி ஏலம் விட்டவருக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை. "என்னாத்த பேசறது போ" என்று கூச்சப்பட்டுக்கொண்டு போனைத் தள்ளிவிட்டார். தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "செருப்ப வெளிய வுட்டுட்டு வந்துட்டன், எடுத்து வெச்சிக்கோ புள்ள" என்றார். அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். எதையோ பெரிதாகச் சொல்லுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கடைசி வார்த்தை செருப்புக்குப் போய்விட்டதே என்று பல நாள் நினைத்துக்கொண்டேன்.

பிழைத்து வந்தார். வாய் அசையும், சத்தம் வராது. கழுத்தில் ஓட்டையை மறைத்து மெல்லிய துணி கட்டிக்கொள்ள வேண்டும். சளி வந்து அடைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீர் விட்டு எப்படித் துடைத்து எடுப்பது என்று ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். அந்தச் சாமான்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எங்கே போனாலும் கையில் வைத்துக்கொள்வார். புகையும் தூசியும் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். நமக்கெல்லாம் மூக்கு இருக்கிறது, கொஞ்சமாவது வடிகட்டும். அவருக்கு நேராக நெஞ்சுக்கே போகும்.

வீட்டில் உட்காரச் சொன்னால் உட்காருவாரா? மண்டிக்குத்தான் போவேன் என்று கையைக் காட்டிவிட்டார். அதற்குள் அங்கே மைக் வந்திருந்தது. பெட்டி அடுக்குவதை மேற்பார்வை பார்க்க மண்டிக்காரர் அவரை வைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும், "அண்ணன் வராரு, அணைங்கடா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்களாம். போணி பீடி போய் போணி டீ ஆகிவிட்டது. அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசங்களையா மனசுக்குள் திட்டினோம் என்று நினைத்தேன்.

போகப் போகத்தான் அவர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். அவர் போகிற இடத்தில் பீடி அணையும். அவர் தாண்டினதும் முதுகுக்குப் பின்னால் தீக்குச்சி உரசும். அதற்காக அவர் கோபப்படவில்லை. நடக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே. காலை முழுக்க நடப்பார். "அண்ணன் எங்களப் பீடி குடிக்கவே வுடமாட்டேன்றாருக்கா" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் புகார் சொன்னார்கள். சாயங்காலம் வந்து கால் பிடிக்கச் சொல்லுவார். பாடாய்ப் படுத்துகிறாரே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய் தேய்ப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மழை நாள் வந்தது.

காலைச் சாப்பாட்டை நான்தான் பஸ்ஸில் கொண்டுபோவேன். கெட்டியாக எதையும் விழுங்க முடியாது என்பதால் வீட்டுக் கூழ்தான் அவருக்கு. அன்று மழையில் பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டிக்கு வெளியே ஒருத்தரும் இல்லை. சாரல் அடிக்காமல் இருக்க மூன்று பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிட்டிருந்தார்கள். வியாபாரி, விவசாயி, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் தகரக் கூரைக்குக் கீழே ஒடுங்கியிருந்தார்கள். குளிருக்கு ஆளுக்கொரு பீடி. உள்ளே நுழைந்ததும் எனக்கே கண் எரிந்தது. கூரையில் மழை அடிக்கிற சத்தம், மைக் சத்தம், அதற்கு மேல் இவர்கள் பேச்சு.

"அவரு எங்க?" என்று கேட்டேன். "இங்கதான இருந்தாரு... மழைக்கு முன்னாடியே டீக்கடைப் பக்கம் போயிருப்பாருக்கா" என்றார் மூட்டை தூக்குகிற ஒருவர். டீக்கடை வழியாகத்தான் நான் வந்திருந்தேன், அங்கே அவர் இல்லை. உள்ளே தேடிக்கொண்டு போனேன். கடைசியில், காலிப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிற இடத்தில், ஒரு அடுக்கு சரிந்து கிடந்தது.

அதற்குப் பின்னால் அவர் மண்டியிட்டுக் கிடந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. ஒரு கையால் கழுத்துத் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், இன்னொரு கையால் பெட்டியை அடித்துக்கொண்டிருந்தார். புகை பட்டு இருமல் வந்து, சளி திரண்டு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் பை சரிந்த பெட்டிகளுக்கு அடியில் மாட்டியிருந்தது. எப்படி அந்தப் பெட்டிகளைத் தள்ளினேன் என்று தெரியவில்லை. துணியை அவிழ்த்து, முன்பக்கமாகக் குனிய வைத்து, உப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து எடுத்தேன். இரண்டாவது தடவைதான் அடைப்பு வெளியே வந்தது. உள்ளே காற்று போகிற சத்தம் கேட்டபோது நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர், "பெட்டி வுழுந்த சத்தம் கேட்டுச்சுக்கா. நாயி தள்ளிடுச்சுன்னு நெனச்சோம்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. எழுந்து மண்டியின் நடுவுக்கு வந்தேன். "மனுசங்களா நீங்க? பின்னாடி ஒருத்தரு மூச்சுக்குத் துடிக்கறாரு, இங்க கும்பலா உக்காந்து ஊதறீங்க! அவரால கத்த முடியாதுன்னு தெரியாதா? கத்தற தொண்டையத்தான் பீடி பீடியாக் குடுத்து நீங்க வாங்கிக்கிட்டீங்களே!" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு விவசாயி, என் வீட்டுக்காரருக்கு எத்தனையோ போணி பீடி கொடுத்தவர், தலையைக் குனிந்துகொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

முதலில் எனக்குப் பதில் சொன்ன அந்த மூட்டை தூக்குகிறவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அண்ணன் உள்ள இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா ஒருத்தரும் பத்த வெச்சிருக்க மாட்டோம்க்கா."

அது உண்மை. எனக்கும் தெரியும். அதனால்தான் அதற்கு மேல் நிற்காமல் என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

பின்னால் யோசித்தபோதுதான் அந்த வார்த்தையின் கனம் புரிந்தது. அவர்களுக்குத் தெரிந்தவர், பிடித்தவர், கண் முன்னால் நிற்கிறவர் என்றால் அணைத்துவிடுவார்கள். கண்ணில் படாதவருக்கு யார் அணைப்பது? தக்காளியைத் தரம் பிரிக்கிற பெண்கள் தினமும் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்காருகிறார்கள். அதில் ஒருத்தி அப்போது மாசமாக இருந்தாள். அவர்கள் கழுத்தில் ஓட்டை இல்லை, அதனால் அவர்களுக்காக ஒரு பீடியும் அணையவில்லை. பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், ஏழை பாழைகளுக்கு இருக்கிற ஒரு சுகத்தையும் பிடுங்குகிறார்களே என்று நானே ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. பாசத்தை நம்பி மூச்சை விட முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மண்டியில் புகை பிடிக்கக் கூடாது என்ற போர்டு முதலிலிருந்தே இருந்தது. அதற்கு முன்னால்தான் பெட்டி அடுக்கியிருந்தார்கள். மண்டிக்காரர் பெட்டிகளை நகர்த்தி வைத்தார். பீடி வேண்டுமானால் லாரி நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு பெரியவர் மட்டும், "எங்க நெஞ்சு, எங்க காசு, உங்களுக்கு என்னா?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர்களே அவரை அடக்கிவிட்டார்கள். கொஞ்ச காலம் ஒழுங்காகத்தான் நடந்தது. அடுத்த மழைக்காலத்தில், "மழையில எங்கக்கா போறது?" என்று ஒருவர் தொடங்கினார், இன்னொருவர் சேர்ந்துகொண்டார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது போர்டு தெரிந்தது, அதற்குக் கீழேயே ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அணைத்தார். நான் திரும்பினதும் பற்றவைத்திருப்பார்.

என் வீட்டுக்காரர் அந்த மழை நாளோடு மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் தடுக்கவில்லை. அவராகத்தான் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இப்போது வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்கிறார். உடம்பு தேவலை. நான் அன்றைக்குச் சொன்னபடியே அக்கம்பக்கத்தில் நிம்மதியாகத்தான் தூங்குகிறார்கள். எனக்குத்தான் அந்த அமைதி பிடிக்கவில்லை.

அந்த மழை நாள் சாயங்காலம் நடந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, வெந்நீர் வைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். பெட்டியைத் தட்டித் தட்டி அவர் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது. "அவ்வளவு நேரம் யாரத்தான் கூப்ட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் என் பக்கம் விரலை நீட்டினார். நான் நம்பவில்லை. "நான்தான் அங்க இல்லையே" என்றேன். அவர் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதட்டைப் பார் என்று காட்டிவிட்டு, நிதானமாக என் பெயரைச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண்கள் குறைவு. இவரும் அப்படித்தான். ஆயிரம் பெட்டிக்கு ஏலம் விட்ட அந்த வாய்க்கு இத்தனை வருடமும் நான் 'புள்ள'தான். எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே உங்களுக்கு மறந்திருக்கும் என்று நான் கேலி பண்ணாத நாளில்லை. மூச்சு நிற்கப்போகிறது என்று தெரிந்தபோது அந்த இருட்டு மூலையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்.

பீடி அப்படி என்னதான் செய்துவிடும் என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. என் பெயரை என் வீட்டுக்காரர் சொல்லி நான் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.